முப்பது பழைய கார்டும் ஒரு புதுக் கார்டும்

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ஓடி வந்தேன். மாசி இன்னும் முடியவில்லை. சித்திரையில் என்ன ஆகப்போகிறதோ.

மு.வுக்கு இன்று முதல் பிளஸ் டூ தேர்வு மேற்பார்வை. (மு. = முரளி. கட்டின கணவரின் பெயரை முழுதாக எழுதக்கூடச் சோம்பல்.) ஏழரைக்கே கிளம்பிவிட்டார். தோசைக்குச் சட்னி இல்லை, பொடிதான். அதையே தொட்டு நாலு தின்றார். நல்ல மனிதர்.

செய்ய வேண்டியவை: புதுக் கார்டு வாங்கி வருவது. கேஸ் புக் பண்ணுவது. கீரை.
கேஸ் மறந்துபோனது.

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் வரைக்கும் நின்றுகொண்டே. பாலத்தின் கீழே காவிரியில் மணல்தான், ஒரு ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜாபர் பாய் கடை, மாடிப்படி ஏறினால் முதல் கதவு. சார்ஜாவில் பதினாலு வருடம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துவிட்டு வந்து வைத்த கடை. என் வீடியோ சானல் தொடங்கியதிலிருந்து, கம்ப்யூட்டரில் கேமையும் படத்தையும் வரைகிற ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டையும் அவர்தான் இரவல் தருகிறார். ஓட்டிப் பார்த்து, இந்த விலைக்கு இது தகுமா தகாதா என்று நான் தமிழில் சொல்கிறேன். பார்ப்பவர்கள் ஏராளம் என்று சொல்ல முடியாது. ஆனால் தஞ்சாவூர், கரூர் பக்கமிருந்தெல்லாம் வீடியோவைப் போனில் காட்டிக் கேட்கிறார்களாம்.

நோன்பு நேரம். பாய் முகம் வாடித்தான் இருந்தது. புதுத் தலைமுறைக் கார்டை இரண்டு கையாலும் கொடுத்தார். அட்டைப் பெட்டியே தாம்பாளம் அளவு.

பிறகு பின்னால் இருந்த அலமாரியைத் திறந்து காட்டினார். போன தலைமுறைக் கார்டு, முப்பது பெட்டி. புதுசு தீபாவளிக்குத்தான் வரும் என்று எல்லோரும் சொன்னதை நம்பி ஜனவரியில் மொத்தமாக எடுத்துப் போட்டிருக்கிறார். இப்போது மார்ச்சிலேயே வந்து நிற்கிறது.

"நல்லதா சொல்லுங்கன்னு கேக்க மாட்டேன் தங்கச்சி. பழசு இனிமே வேஸ்டுன்னு நீங்க சொல்ற மாதிரி இருந்தா, ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அது போதும்."

சரி என்றேன். திரும்பி வரும்போது உட்கார இடம் கிடைத்தது. மடியில் பெட்டி. பக்கத்து சீட்டு அம்மா, "மிக்ஸியாம்மா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.


மார்ச் 4, செவ்வாய்

நாள் முழுக்க அறையில். புழுக்கம். ஃபேன் சத்தம், கார்டின் ஃபேன் சத்தம், இரண்டும் போட்டி.

கம்பெனி சொல்வது: பழையதைவிட இரண்டு மடங்கு வேகம். படம் போட்டுக் காட்டுகிறார்கள், புதுசுக்கு உயரமான கட்டம், பழசுக்குக் குட்டைக் கட்டம். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. அதைப் படித்தால்தான் தெரிகிறது: கார்டு நிஜமாக வரைகிற படங்களுக்கு நடுவே, தானாக ஊகித்த படங்களைச் செருகி எண்ணிக்கையைக் கூட்டுகிறது. பார்க்க வழவழப்பாகத்தான் இருக்கிறது. குறை சொல்ல முடியாது. ஆனால் அதை வேகம் என்று சொல்லி விலை வைப்பது, சாம்பாரில் தண்ணீர் விட்டு இரண்டு மடங்கு சாம்பார் என்பது மாதிரி.

அதை அணைத்துவிட்டு ஓட்டினேன். அப்படியும் பழசைவிட நல்ல இடைவெளி. எதிர்பார்க்காத அளவு. பன்னிரண்டு கேமில் பதினொன்றில் புதுசு வெகுதூரம் முன்னால்.

மனசு கனத்துப்போனது. பாய் அலமாரி கண்ணுக்குள்ளேயே நின்றது.

மு. வந்து எட்டிப் பார்த்தார். "ஜெயிச்சது யாரு?"
"புதுசு."
"அப்புறம் ஏன் தோத்தவ மாதிரி உக்காந்திருக்க?"

ரவா உப்புமா. கேஸ் புக் பண்ணியாகிவிட்டது, இதாவது.


மார்ச் 6, வியாழன்

நேற்று எழுதவில்லை. தலைவலி.

இன்று காலை குளிக்கும்போது திடீரென்று தோன்றியது. பழைய கார்டை ஓட்டிப் பார்த்த கணக்கு போன வருடம் எடுத்தது! அதற்கப்புறம் கார்டை ஓட்டுகிற சாப்ட்வேருக்கு எத்தனை அப்டேட் வந்துவிட்டது, பழசும் வேகம் கூடியிருக்கும். போன வருடத்துப் பழசையும் இந்த வாரத்துப் புதுசையும் ஒப்பிட்டு உட்கார்ந்திருக்கிறேன். போன வருடத்துத் தக்காளி விலையை வைத்து இன்றைய மார்க்கெட்டைச் சொல்வதுபோல.

பாயிடம் ஒரு பழைய கார்டு கேட்டுப் போன் பண்ணினேன். ஸ்ரீரங்கம் வருகிற யாரிடமோ கொடுத்தனுப்பிவிட்டார், பதினொரு மணிக்குள் வாசலில்.

ஒரே அறை, ஒரே நாள், ஒரே அப்டேட். ஜன்னலைச் சாத்தி, இரண்டையும் மாற்றி மாற்றி. சாப்பாடு மூன்று மணிக்கு.

இடைவெளி சுருங்கிவிட்டது. புதுசு முன்னால்தான், சந்தேகமில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அளவில்லை. பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டு மு.வைக் கூப்பிட்டு எது புதுசு என்றேன். இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுப் பழசைக் காட்டினார். கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. கட்டிக்கொண்டேன்.

உடனே பாய்க்குப் போன்.
"பாய், கேம் ஆடுறவங்களுக்குப் பழசு ஒண்ணும் மோசமில்ல. வெல மட்டும் சரியா இருந்தா போதும்."
அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு "அல்ஹம்துலில்லாஹ்". பிறகு, "தில்லைநகர் தேவி மேடம் பத்து கார்டு கேட்டிருக்காங்க. ஹேமா மேடம் சொல்றதை வச்சுத்தான் எடுப்பேன்னாங்க. பத்து போயிட்டா மூச்சு விட்டுடுவேன் தங்கச்சி."

மேடமாம், நான்! தேவியை எனக்கும் தெரியும். கட்டப்போகிற கட்டிடங்களை முன்கூட்டியே சினிமா மாதிரி நடந்து பார்க்கிறாற்போல் செய்து தருகிற ஆபீஸ். பத்துப் பெண்கள் வேலை. சனிக்கிழமை வரச்சொல்லி இருக்கிறாள். இரண்டு கார்டையும் எடுத்துக்கொண்டு.


மார்ச் 8, சனி

தில்லைநகர். ஆட்டோ. இரண்டு பெட்டியையும் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு போனேன்.

மகளிர் தினமாம், ஆபீஸில் எல்லோரும் ஊதாச் சேலை. என்னைத் தவிர. கேக் கொடுத்தார்கள்.

தேவி ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிடத்தை ஓட்டச் சொன்னாள். நாலு மாடி. வரவேற்பறையில் நுழைந்து, மாடிப்படி ஏறி, வார்டு வழியாக நடந்து, மேலே தோட்டம் வரைக்கும். அத்தனை கண்ணாடி, நாற்காலி, செடி, நிழல் எல்லாம் ஒரே சமயத்தில் கார்டின் மெமரியில் உட்கார்ந்தாக வேண்டும்.

முதலில் பழசு. வரவேற்பறை அழகாக வந்தது. மாடிப்படியில் திணறியது. இரண்டாவது மாடியில் நின்றேவிட்டது. மெமரி பத்தவில்லை. மறுபடி ஓட்டினோம், அதே இடம்.

புதுசு: கீழிருந்து தோட்டம் வரைக்கும், நிற்காமல். இதில் மெமரி அதிகம். வேகம் அல்ல விஷயம், இடம்தான்.

ஒரு பெண் சொன்னாள், "அக்கா, இப்ப இருக்கறதுல மாடி மாடியா பிரிச்சு ஓட்டிட்டு அப்புறம் ஒட்டுறோம். ஒட்டுன எடத்துல வெளிச்சம் மாறிடும். கிளையண்ட் கண்டுபிடிச்சுருவாங்க."

தேவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க ஹேமா. பழசா, புதுசா?"

கேக் தட்டைக் கீழே வைத்தேன். பாய் அலமாரி, பத்துப் பெட்டி, மூச்சு விட்டுடுவேன்.

"உங்களுக்குப் புதுசுதான் தேவி. பழசு எடுத்தா ஆறு மாசத்துல என்னைத் திட்டுவீங்க."

"புதுசுக்கு எல்லாக் கடையிலயும் கம்பெனி சொன்ன வெலைக்கு மேல பன்னிரண்டாயிரம் கேக்கறாங்களே. பத்து கார்டுக்கு எங்க போறது?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.


மார்ச் 9, ஞாயிறு

சாயங்காலம் காவிரிக் கரையில் அம்மா மண்டபம் பக்கம் மு.வோடு நடை. படித்துறையில் கூட்டம். மணலில் பையன்கள் கிரிக்கெட்.

எல்லாவற்றையும் சொன்னேன். மு. சுண்டல் தின்றபடியே கேட்டார். அவருக்குக் கார்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதுதான் சௌகரியம்.

"அவர்ட்ட சொல்லிட்டியா?"
"இல்ல. நாளைக்கு."
"சொன்னா இனிமே கார்டு தர மாட்டார்னு பயமா?"
"அதுவும்தான். தரலைன்னா சானலே இல்ல. ஆனா அது மட்டும் இல்ல. அவர் என்னை நம்பிக் குடுத்தார்."
"தேவியும் உன்னை நம்பித்தானே கேட்டா?"

சுண்டல் பொட்டலத்தை மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து வீடியோவுக்குக் குறிப்பு எழுதினேன். அடித்து அடித்து, கடைசியில் நின்றது:

புதுசு – பெரிய கோப்பு வைத்து வேலை செய்பவர்களுக்கு. கம்பெனி சொன்ன விலைக்குக் கிடைத்தால் மட்டும். மேலே கேட்டால் பொறுங்கள்.
பழசு – கேம், சின்ன எடிட்டிங். இப்போது விற்கிற விலைக்கு வேண்டாம். இறங்கினால் நல்ல பொருள்.
இரண்டு வருடத்துக்குள் வாங்கியவர்கள் – ஒன்றும் வாங்காதீர்கள்.

எவ்வளவு இறங்கினால்? அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.


மார்ச் 10, திங்கள்

பாய் கடை. நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தேன். வேண்டுமென்று அல்ல, பஸ் லேட்.

நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி, மெமரி. தேவி பழசு எடுக்க மாட்டாள் என்பதையும்.

பாய் கவுண்டரில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டப்பாவில் போட்டார். மறுபடி எடுத்தார்.

"ஓட்டிப் பாத்துட்டுத்தானே சொல்றீங்க?"
"ரெண்டு தடவை பாய்."
"சரி."

அலமாரிப் பக்கம் பார்த்துவிட்டு, "அம்பத்திரண்டாயிரத்துக்கு வித்துட்டிருந்தேன். நீங்களா இருந்தா இந்தப் பழசை என்ன வெலைக்கு வாங்குவீங்க? எனக்காகச் சொல்லாதீங்க."

"நாப்பத்தி நாலு."

அவர் வாங்கிய விலை நாற்பத்தாறு என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

பள்ளிவாசல் ஸ்பீக்கரில் பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்தை எடுத்தார், எனக்கும் ஒன்று. பள்ளிவாசலில் இருந்து வந்த கஞ்சியை இரண்டு டம்ளரில் ஊற்றினார். "குடிங்க தங்கச்சி, சூடா இருக்கு." குடித்தேன். இஞ்சி, வெந்தயம், புதினா. கண்ணில் தண்ணீர் வந்தது, சூட்டினால் என்று வைத்துக்கொண்டேன்.

"யோசிக்கிறேன்" என்றார், படி இறங்கும்போது. கோபமா வருத்தமா, குரலில் தெரியவில்லை.


மார்ச் 12, புதன்

மழை! நேற்றே தொடங்கியது. மார்ச்சில் யார் கேட்டார்கள். துணி எல்லாம் உள்ளே கயிற்றில், வீடே ஈர வாடை. ஆனால் அறை குளிர்ந்திருக்கிறது, கார்டு சந்தோஷமாக ஓடுகிறது.

பாயிடமிருந்து போன் இல்லை. நேற்றும் இல்லை. நானும் பண்ணவில்லை. போனை எடுப்பது, வைப்பது.

கார்டுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெட்டியில் போட்டு டேப் ஒட்டினேன். பிறகு பிரித்தேன், ஒரு படம் எடுக்க விட்டுப்போயிருந்தது.

இரவல் இல்லாமல் சானலை எப்படி நடத்துவது என்று ஒரு யோசனை. பார்ப்பவர்களிடமே கேட்கலாம், வாங்கியவர்கள் ஒரு நாள் கொடுங்கள் என்று. நடக்குமா? நடக்கலாம். கரூரில் ஒருவர் முன்பு ஒரு தடவை, என் கார்டைத் தரட்டுமா என்று தானாகவே கேட்டிருக்கிறார். இப்படி நினைத்ததும் கொஞ்சம் தெம்பு.

வெங்காய பஜ்ஜி போட்டேன். மு. எட்டு தின்றார்.


மார்ச் 13, வியாழன்

என்ன ஒரு நாள். ஒழுங்காக எழுத வேண்டும்.

பத்து மணிக்கு வாசலில் பெல். ஜாபர் பாயும் அவர் வீட்டம்மா நூர்ஜஹானும். நான் நைட்டியில். மேலே ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். அவர்கள் நோன்பு, தண்ணீர்கூடத் தர முடியாது, கை கால் ஓடவில்லை எனக்கு.

நூர்ஜஹான் அக்காதான் பேச ஆரம்பித்தார். "ரெண்டு நாளா தூங்கல இவரு. நான் ஒண்ணுதான் கேட்டேன். அந்தப் பெட்டியெல்லாம் அலமாரியிலயே இருந்தா வெல ஏறுமா, எறங்குமான்னேன். எறங்கும்னாரு. அப்புறம் எதுக்குங்க காவல் காத்துட்டு இருக்கீங்கன்னேன்."

பாய் சிரித்தார். சிரித்து எத்தனை நாள் ஆயிற்றோ.

"தங்கச்சி, உங்க வீடியோவுல நான் பேசலாமா?"

"நீங்களா?"

"வெலையை நானே சொல்றேன். நீங்க சொன்னா, கடைக்காரன் சொல்லிக்குடுத்தான்னு பேசுவாங்க. உங்களுக்கு எதுக்கு அந்தப் பேரு?"

அறையில் துணிக் கயிற்றை அவிழ்த்து, இடம் பண்ணி, விளக்கைப் போட்டேன். சட்டைக் காலரை நூர்ஜஹான் அக்கா சரி செய்தார். முதல் தடவை திக்கினார். இரண்டாவது தடவை மிக்ஸிச் சத்தம், பக்கத்து வீடு. மூன்றாவது தடவை ஒரே மூச்சில். அப்படியே எழுதி வைத்துக்கொள்கிறேன்:

"நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டு கிட்ட கடை வச்சிருக்கேன். பழைய கார்டு முப்பது எங்கிட்ட இருக்கு. புதுசு தீபாவளிக்குத்தான் வரும்னு நெனச்சு நாப்பத்தாறுக்கு வாங்கிப் போட்டேன். நெனச்சது தப்பாப் போச்சு. என் கணக்கு தப்பானதுக்கு நீங்க ஏன் காசு குடுக்கணும்? நாப்பத்தி நாலுக்குத் தரேன். கேம் ஆடுறவங்க வாங்க. பில்டிங் டிசைன் பண்றவங்க, பெரிய வேலை பண்றவங்க இதை வாங்காதீங்க, உங்களுக்குப் பத்தாது. உங்களுக்குப் புதுசுதான். அது எங்கிட்ட எத்தனை வருதோ அத்தனையும் கம்பெனி சொன்ன வெலைக்கே."

கேமராவை நிறுத்த மறந்து நின்றேன்.

"புதுசை ஏன் பாய் மேல வைக்கல? எல்லாரும் வைக்கறாங்களே" என்று கேட்டேன்.

"நீங்கதானே சொல்லப்போறீங்க, மேல கேட்டா வாங்காதீங்கன்னு? நான் மேல கேட்டா நீங்களே எனக்கு எதிரா கூவுன மாதிரி ஆயிடும்ல." சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார்.

அவர்கள் போன பிறகு சோபாவில் உட்கார்ந்து அழுதேன். நல்ல அழுகைதான்.


மார்ச் 15, சனி

நேற்றுக் காலை வீடியோ போட்டேன். அன்று சமையல் இல்லை, மு. பார்சல் வாங்கி வந்தார்.

கமெண்ட்கள். "கடைக்காரர் வாங்கின வெலையை வெளில சொல்லி இப்பத்தான் பாக்கறேன்." "இது எல்லாம் டிராமா." "பாய் கடை எந்தப் பக்கம்?" "அக்கா என் கார்டு ரெண்டு வருஷம் ஆச்சு, மாத்தவா?" – வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் கீழேயே.

யாரோ ஒரு கடைக்காரர் போன் பண்ணித் திட்டினார். மார்க்கெட்டைக் கெடுக்கிறோமாம். பேர் சொல்லவில்லை. மு. போனை வாங்கி, "சார், உங்க கடையில என்ன வெலைங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். வைத்துவிட்டார் அந்த ஆள்.

மாலை பாய் போன். பின்னால் ஒரே சத்தம். "தங்கச்சி, படியில கூட்டம்! அப்புறம் பேசறேன்." அப்புறம் பேசவில்லை. பேசாதது எவ்வளவு நன்றாக இருக்கிறது.


மார்ச் 18, செவ்வாய்

மறுபடி வெயில். மழை வந்த சுவடே இல்லை.

தேவி காலையில் கூப்பிட்டாள். பாயிடமிருந்து புதுசு நாலு கார்டு வந்துவிட்டது, சொன்ன விலைக்கே. மீதி ஆறு அடுத்த லோடில். ஆஸ்பத்திரியை ஒட்டு இல்லாமல் மொத்தமாக ஓட்டிக் காட்டினார்களாம். அந்த டாக்டர் மொட்டை மாடித் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை கீழேயிருந்து நடக்கலாமா என்று கேட்டாராம். தேவி சொல்லச் சொல்ல, பின்னால் அந்தப் பெண்களின் சிரிப்பு.

மதியம் சத்திரம். இரண்டு கார்டையும் திருப்பிக் கொடுத்தேன். அலமாரியில் பழசு ஒன்பது பெட்டிதான். நஷ்டம் நஷ்டம்தான், பாய் மறைக்கவில்லை. ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் மானிட்டர், ரேம், ஏதோ ஒன்று சேர்த்து வாங்கிப் போயிருக்கிறார்கள். "பெருநாளுக்குப் புள்ளைங்களுக்குத் துணி எடுத்துடலாம்" என்றார்.

அப்போது புதுக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு தம்பதி, கூடக் கல்லூரியில் படிக்கிற மகள். அப்பா சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இருக்கறதுலயே நல்லதா ஒண்ணு குடுங்க" என்றார்.

பாய் அந்தப் பெண்ணிடம் கேட்டார். என்ன படிக்கிறாய், எந்தக் கம்ப்யூட்டர், எப்போது வாங்கியது. அவள் பையிலிருந்து பில்லை எடுத்துக் காட்டினாள். பாய் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார், நான் தலையை ஆட்டினேன்.

"ஒண்ணும் வேணாம்ங்க. இப்ப இருக்கறதே இந்தப் புள்ள படிப்பு முடியற வரைக்கும் தாங்கும். பத்திரமா ஊருக்குப் போங்க."

அப்பாவுக்குப் புரியவில்லை. "ஸ்டாக் இல்லைங்களா? இல்ல, வெலை ஜாஸ்தின்னு பாக்காதீங்க, கொண்டாந்திருக்கேன்."

"அதனாலதாங்க சொல்றேன்."

அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். படியில் மூவரும் ஏதோ பேசுகிற சத்தம். பாதிப் படியிலிருந்து அந்தப் பெண் மட்டும் திரும்ப ஓடி வந்தாள், மூச்சு வாங்க.

"அங்கிள், மவுஸ் இருக்கா? ஊதாக் கலர்ல?"